ரொக்கெட் வெடிக்கும் காணொளியைப் பார்த்த ஒரு தாய்க்கு எப்படி விளக்குவது?

கேள்வி: கரவெட்டி ஆசிரியை
2025 ஜூலை 6, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். வடமராட்சியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். சென்ற கிழமை என்னைச் சந்திக்க வந்த ஒரு தாய்க்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்காதபடியால், அதனை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

கடந்த ஜூன் 18ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் விண்கலங்களுள் 36ஆம் இலக்கமுடையது, இயந்திரங்களை நின்ற நிலையிலேயே இயக்கிப் பார்ப்பதற்காக எரிபொருள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது வெடித்துச் சிதறியது. அந்தக் காணொளி எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டது. நான் சொல்லும் தாயின் மகன் என்னிடம் படிக்கிறான். கிளிநொச்சியிலுள்ள பொறியியல் பீடத்துக்குத் தெரிவாக வேண்டும், பின்னர் விண்வெளித் துறைக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய விருப்பம். தாயார் கைபேசியை மேசையில் வைத்து, அந்தத் தீப்பந்தை எனக்கு இரண்டு தரம் ஓடவிட்டுக் காட்டிய பிறகு கேட்டார்: “ரீச்சர், ஒரு ஆளும் ஏறாமல், நிண்ட இடத்திலேயே வெடிக்கிற சாமானுக்குள்ள நாளைக்கு மனுசரை ஏத்தப் போகினமாம். இதுக்கோ என்ரை பிள்ளையைப் படிக்க விடச் சொல்லுறீங்கள்?”

பரீட்சையின்போது வெடிப்பது ஒரு வகையில் நல்லது, இன்று நிலத்தில் வெடித்த குறை நாளை ஆட்களோடு பறக்கும்போது இருக்காது என்று நான் சொன்னேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எத்தனை தரம் வெடிச்சால் போதும்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையில் தெரிந்துகொள்ளவே கேட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பரீட்சைகளில் நேரும் தோல்விகளைப் பார்த்து மக்கள் ஒரு கலத்தின் பாதுகாப்பை மதிப்பிடுவது சரியா? சரியில்லையென்றால், அவர்கள் எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும்? பாடப்புத்தக விளக்கத்தை நானே கொடுத்துவிடுவேன். பொறிகளோடும் ஆபத்துகளோடும் நேரே பழகியவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதை அறியவே விரும்புகிறேன்.

மறுமொழி 1: பழைய கொதிகலன்
2025 ஜூலை 7, காலை 6.15

ரீச்சருக்கு வணக்கம். நான் பட்டம் பெற்ற பொறியியலாளன் அல்லன். அரிசி ஆலைகளின் கொதிகலன்களைப் பழுதுபார்ப்பதிலும் அமுக்கம் ஏற்றிச் சோதிப்பதிலும் முப்பது வருடங்களுக்கு மேல் கழித்தவன். உங்களிடம் வந்த அந்த அம்மாவின் கேள்வியைப் போன்ற கேள்வியை ஆலை முதலாளிமார் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார்கள் என்பதனால் எழுதுகிறேன்.

பழுதுபார்த்த கொதிகலனைச் சோதிக்கும்போது, அதற்குள் ஒரு சொட்டுக் காற்றும் மிஞ்சாதபடி தண்ணீரை நிரப்பி, கைப்பம்பினால் அமுக்கத்தை, வேலை செய்யும் அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு வரை ஏற்றுவோம். காற்றைக் கொண்டு சோதிப்பதில்லை. காற்று சுருங்கும், ஆகையால் உடைந்தால் சுருங்கிய அவ்வளவும் ஒரே நொடியில் விரிந்து இரும்புத் தகட்டை எறிகணையாக்கிவிடும். தண்ணீர் சுருங்குவது அரிது. ஒட்டு விட்டால், ஒட்டின் ஓரத்தில் முதலில் வியர்வை போல் ஈரம் தெரியும், பிறகு ஒரு துளி தொங்கும், அமுக்கமானியின் முள் மெல்லக் கீழே இறங்கும். அவ்வளவுதான். நாங்கள் அந்த இடத்தில் சோக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு, அமுக்கத்தை இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். அதே குறை சோதிக்கப்படாமல் நீராவியோடு வேலை செய்யும் நாளில் வெளிப்பட்டிருந்தால், ஆலையின் கூரை இருக்காது.

ஆகவே, ஒரு பொருள் பரீட்சையில் உடைந்தது என்ற செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வரும் கேள்வி, அந்த நேரத்தில் அதனிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தார் சில தாங்கிகளை எங்கே கிழிகின்றன என்று அறிவதற்காகவே வேண்டுமென்று அமுக்கம் ஏற்றிக் கிழித்தார்கள். அதைத் தோல்வி என்று சொல்லக்கூடாது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டு மே மாதம் வரை, சுமார் 10 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்த் திரும்பி இறங்கும் பரீட்சைப் பறப்புகள் நடந்தன. முதலாவது கலம் இறங்குவதற்குரிய சிறு தாங்கியில் எரிபொருளின் அமுக்கம் குறைந்ததனால் தரையில் மோதியது. இரண்டாவதில் ஓர் இயந்திரம் மீண்டும் பற்றவில்லை. மூன்றாவது கலம் இறங்கி நின்று சில நிமிடங்களின் பின் வெடித்தது. நான்காவது மூடுபனிக்குள் தரையைத் தொடுமுன்பே சிதறியது. 2021 மே 5இல் ஐந்தாவது கலம் இறங்கி, நின்றது. அந்த அம்மா இவற்றை நான்கு வெடிப்புகள் என்று எண்ணுவார். நான் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு என்பதைப் பார்ப்பேன். ஒரு சக்கரத்தின் நான்கு ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வருவது போன்றது அது. ஒரே ஆணி இரண்டாம் தரம் கழன்றால்தான் மெக்கானிக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவும் அந்த நிறுவனத்துக்குச் சார்பாகச் சொன்னேன். இனி எனக்கு உறுத்துவதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 18இல் நடந்ததை நான் மேலே சொன்ன கணக்கில் சேர்க்க மாட்டேன். கலத்தின் மூக்குப் பகுதியில் நைதரசன் வாயுவை உயர் அமுக்கத்தில் வைத்திருக்கும் ஒரு போத்தல், உலோகத்துக்கு மேல் நார் சுற்றிச் செய்யப்பட்டது, தான் தாங்கும் என்று ஏற்கெனவே சோதித்து உறுதிப்படுத்தப்பட்ட அமுக்கத்துக்கும் குறைவான அமுக்கத்திலேயே வெடித்தது என்பதே முதற்கட்டத் தரவுகளிலிருந்து வெளிவந்த செய்தி. அன்று அந்தப் போத்தலிடம் எவரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ‘நீ தேறிவிட்டாய்’ என்று சொல்லி மூலையில் வைத்திருந்த பொருள் அது. அது உடைந்தால், நான் புதிதாகக் கற்றுக்கொண்டேன் என்று எவரும் சொல்ல முடியாது. சுற்றியபோதோ, ஏற்றி இறக்கியபோதோ, பொருத்தியபோதோ எங்கோ கைதவறியிருக்கிறது, அது சோதனைக்குத் தப்பியிருக்கிறது என்றுதான் கொதிகலன்காரன் சொல்வான். எனவே ‘எத்தனை தரம் வெடித்தால் போதும்’ என்பதற்கு என்னுடைய பதில்: தெரியாத ஒன்றைத் தேடிப் போகும்போது எத்தனை தரம் வெடித்தாலும் பாதகமில்லை, தெரிந்தது என்று ஒதுக்கிவைத்த பொருள் ஒரு தரம் வெடித்தாலும் அது கூடுதல். அந்த அம்மாவின் பயம் ஆதாரமற்றது என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். தற்செயலாக அவர் பயப்பட வேண்டிய காணொளியையே பார்த்திருக்கிறார்.

மறுமொழி 2: கிழக்குக்கரை
2025 ஜூலை 7, பகல் 1.05

கொதிகலன் ஐயா எழுதியதை மதித்துப் படித்தேன். ஆனால் அவர் பேசியதெல்லாம் கலத்தின் பாதுகாப்பைப் பற்றியது. நாங்கள் கடலை நம்பி வாழ்பவர்கள், ஆகையால் என் கண் கலத்தின் மேல் போவதில்லை, அதன் கீழே நிற்பவன் மேல்தான் போகிறது.

இந்த ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி ஸ்டார்ஷிப்பின் ஏழாவது பறப்பில் மேற்பகுதி உடைந்து, கரீபியன் கடலை அண்டிய டேர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளின் வானத்தில் எரிந்துகொண்டு விழுந்தது. பலரும் அதை வாணவேடிக்கை போலப் பகிர்ந்தார்கள். அந்த நேரத்தில் அந்த வான்பரப்பை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் வட்டமடித்துக் காத்திருந்தன, சில வேறு நிலையங்களுக்குத் திரும்பின. அந்தத் தீவுகளில் ஒரு வாகனத்துக்குச் சிறு சேதம் ஏற்பட்டதாகவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள் தெரிவித்தார்கள். மார்ச் 6ஆம் திகதி எட்டாவது பறப்பிலும் ஏறக்குறைய அதே கட்டத்தில் மேற்பகுதி கைவிட்டுப் போனது. மயாமி, ஒர்லாண்டோ உட்பட புளோரிடாவின் விமான நிலையங்களில் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டன, சுமார் 240 விமானப் பறப்புகள் குழம்பின. நிறுவனம் இரண்டுக்கும் காரணம் வேறு என்று சொல்லியிருக்கிறது. இருக்கட்டும். ஐயாவின் ஆணிக்கணக்கை இந்த இரண்டுக்கும் எப்படிப் போடுவது என்பது அவருக்கே விடுகிறேன்.

2023 ஏப்ரல் 20ஆம் திகதி நடந்த முதற்பறப்பையும் மறந்துவிடக் கூடாது. 33 இயந்திரங்களின் உந்துகைக்குக் கீழே இருந்த கொங்கிரீட் தளம் பெயர்ந்து, கட்டிகள் கடல்வரை எறியப்பட்டன. சுமார் 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட் இசபெல் என்ற சிற்றூரின் வாகனங்கள் மேல் மண் படிந்தது. கட்டுப்பாடு இழந்த கலத்தை அழிக்கும்படி கட்டளை போன பிறகும் அது உடைவதற்கு ஏறத்தாழ 40 செக்கன்கள் எடுத்தது. நிறுவனத்தின் ஊழியர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். ‘திட்டமிடாத விரைவுப் பிரிகை’ என்ற பொருள்படும் ஒரு நகைச்சுவைத் தொடரை அறிவிப்பாளர் சொன்னார். அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் எனக்கு நம்பிக்கை குறைந்தது. பிறகு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் 63 திருத்தங்களைச் செய்யும்படி பட்டியல் கொடுத்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எங்களுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ரொக்கெட்டுகள் நேரே தெற்கே போனால் இலங்கையின் மேலாகத்தான் போக வேண்டும். கழற்றிவிடப்படும் பகுதிகளோ, கோளாறினால் விழும் துண்டுகளோ எங்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காக அவை முதலில் தென்கிழக்கே சென்று, கடலின் மேல் வைத்துத் தெற்கே வளைகின்றன. அந்த வளைவினால் எரிபொருள் செலவாகி, சுமக்கக்கூடிய எடை குறைகிறது. சிறிய ரொக்கெட்டுகளுக்கு அந்த இழப்புத் தாங்காது என்பதனால்தான் தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் கட்டுகிறார்கள். கடந்த மே 18இல் ஒரு பிஎஸ்எல்வி தன் பணியில் தோற்றது. பருத்தித்துறையில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரியவேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் பாதை ஏற்கெனவே வளைக்கப்பட்டிருந்தது.

ரீச்சர், அந்தத் தாய்க்கு இதைச் சொல்லிப் பாருங்கள். வெடிக்குமோ வெடிக்காதோ என்பதை எவனும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெடித்தால் யார் மேல் விழும் என்பதை முன்கூட்டியே யோசித்து, அதற்காகத் தன் இலாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தானா என்பதைப் பார்த்துத்தான் நான் ஒருவனை நம்புவேன்.

மறுமொழி 3: பீடத்து மாணவன்
2025 ஜூலை 7, மாலை 5.30

இரண்டு அண்ணன்மாரும் விட்டுவிட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 20ஆம் திகதி, அதே நிறுவனத்தின் க்ரூ டிராகன் கலம் ஒன்று புளோரிடாவில் தரைப் பரீட்சையின்போது வெடித்து இல்லாமற்போனது. அதற்கு முந்திய மாதம்தான் அது ஆளில்லாமல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருந்தது. ஆபத்தில் கலத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் தப்பிப்பு இயந்திரங்களை இயக்குவதற்குச் சற்று முன், ஒருவழி வால்வு ஒன்றினூடாகக் கசிந்திருந்த, எரிபொருளை எரியச்செய்யும் இருநைதரசன் நாலொட்சைட்டுத் திரவம், ஈலிய வாயுவின் அமுக்கத்தினால் மிக வேகமாகத் தள்ளப்பட்டு மோத, தைத்தானியத்தினாலான வால்வுப் பகுதி தீப்பற்றியது. அந்தச் சூழ்நிலையில் தைத்தானியம் இப்படி எரியும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வால்வுக்குப் பதிலாக, உரிய அமுக்கம் வந்தால் மட்டும் கிழியும் தகடுகளைப் பொருத்தினார்கள். 2020 மே 30ஆம் திகதி டக் ஹேர்லி, பொப் பெங்கன் ஆகிய இருவரும் அந்த வகைக் கலத்தில் பறந்து, பின்னர் நலமாகத் திரும்பினார்கள்.

ஆனால் வெடித்த அன்று நிறுவனம் ‘அசாதாரண நிகழ்வு’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. கடற்கரையில் நின்றவர்கள் செம்மஞ்சள் புகையைப் படமெடுத்திருந்தார்கள், காணொளியொன்றும் கசிந்துவிட்டது. கலம் அழிந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள ஏறத்தாழ இரண்டு கிழமைகள் எடுத்தது. வால்வு மூன்று மாதத்தில் விளங்கிவிட்டது. மக்களின் சந்தேகம் அந்த இரண்டு கிழமைகளில்தான் வளர்ந்தது.

மறுமொழி 4: வீதமும் விகிதமும்
2025 ஜூலை 8, இரவு 9.20

நான் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன். கேள்வியின் முதற்பகுதிக்கு, அதாவது மக்கள் மதிப்பிடும் முறை சரியா என்பதற்கு, மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் சமையல் எரிவாயு வெடிப்புச் செய்திகள் ஒவ்வொரு நாளும் வந்தன. எங்கள் வீட்டில் சிலிண்டரைக் குசினியிலிருந்து தூக்கி, முற்றத்து மாமரத்துக்குக் கீழே வைத்துவிட்டு அம்மா விறகடுப்புக்குத் திரும்பிவிட்டார். ஒவ்வொரு நாளும் ரெகுலேற்றரின் மேல் சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. வாயுக்கலவையின் விகிதம் மாறியது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. வெடித்ததாகச் சொல்லப்பட்ட பல இடங்களில் சேதம் அடுப்பிலும் குழாயிலும் ரெகுலேற்றரிலும் இருந்தது, சிலிண்டர் முழுதாக நின்றது. அந்த வேறுபாட்டை நான் அம்மாவுக்கு விளக்கியபோது, “குசினிதானே எரிஞ்சது, எது வெடிச்சால் என்ன?” என்றார். அதே அம்மா, அதே காலத்தில், தலைக்கவசம் இல்லாமல் என் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏறி நல்லூருக்கு வந்தார். மோட்டார்சைக்கிளினால் ஏற்படும் ஆபத்துத்தான் பன்மடங்கு பெரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் அம்மாவின் அறியாமை எதுவுமில்லை. மனிதர் தாமாக விரும்பி ஏற்கும் ஆபத்தை, தம்மேல் சுமத்தப்படும் ஆபத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று சோன்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1969ஆம் ஆண்டிலேயே எழுதினார். பின்னர் பொல் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987இல் இதை மேலும் விரித்து, ஓர் ஆபத்து எவ்வளவு திகிலூட்டுகிறது, எவ்வளவு தூரம் அறியப்படாதது என்ற இரண்டையும் வைத்தே பொதுமக்கள் அதை எடைபோடுகிறார்கள், இறப்புக் கணக்கை வைத்தல்ல என்று காட்டினார். விண்கலம் இரண்டிலும் உச்சியில் நிற்கிறது. கண்ணைப் பறிக்கும் தீப்பந்து, உள்ளே என்ன நடக்கிறதென்று எவருக்கும் விளங்காத பொறி.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் முரண்பட விரும்புகிறேன். ரீச்சரிடம் வந்த தாய் வெடிப்புகளை எண்ணிப் பாதுகாப்பை அளக்கிறார். அந்த அளவுகோல் பிழையானது, ஆனால் அது பிழைக்கும் திசை நாங்கள் நினைக்கும் திசை அல்ல. வெடிப்பைப் பார்த்து அவர் கூடுதலாகப் பயப்படுவதனால் எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. வெடிப்பைக் காணாதபோது நாங்கள் எல்லோரும் பயப்படாமல் இருந்தோமே, அங்கேதான் மனிதர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஏப்ரல் 12ஆம் திகதி, ஆளில்லாத ஒரு பரீட்சைப் பறப்புக்கூட விண்வெளிக்குப் போகாமல், முதற்பறப்பிலேயே இருவரை ஏற்றி அனுப்பினார்கள். அது பத்திரமாகத் திரும்பியது. தொடர்ந்து இருபதுக்கு மேற்பட்ட பறப்புகள் தீப்பந்து எதுவுமில்லாமல் நடந்தேறின. பக்க ரொக்கெட்டுகளின் மூட்டுகளை அடைக்கும் இறப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்ததை ஒரு சிலரே அறிந்திருந்தனர். பொதுமக்கள் பார்த்ததெல்லாம் சக்கரங்களில் அழகாக இறங்கும் ஒரு விமானம். 1986 ஜனவரி 28ஆம் திகதி, குளிரில் இறுகிய அந்த வளையம் கைவிட, சலஞ்சர் 73 செக்கன்களில் எழுவரோடு அழிந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில், அன்று பறந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் பெற்றோரும் இருந்தார்கள். விசாரணையில் இருந்த பௌதிகவியலாளர் ரிச்சட் ஃபைன்மன், கலம் அழியும் நிகழ்தகவு நூறாயிரத்தில் ஒன்று என்று முகாமையாளர்களும், நூற்றில் ஒன்று அளவில் என்று பொறியியலாளர்களும் நம்பியிருந்ததை எடுத்துக்காட்டினார். 135 பறப்புகளில் இரண்டு கலங்களும் பதினான்கு உயிர்களும் போயின. எவருடைய கணக்குச் சரியென்று மாணவர்கள் தாமே வகுத்துப் பார்க்கட்டும்.

அதற்கும் முந்திய கதை இன்னும் கொடியது. 1967 ஜனவரி 27ஆம் திகதி அப்பல்லோ 1 கலத்துக்குள் மூவர் எரிந்து இறந்தது ஏவுதலின்போது அல்ல. ரொக்கெட்டில் எரிபொருள் இல்லை என்ற காரணத்தினால் ‘ஆபத்தற்றது’ என்று வகைப்படுத்தப்பட்ட ஒரு தரைப் பரீட்சையின்போது. உள்ளே தூய ஒட்சிசன், வளிமண்டல அமுக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான அமுக்கத்தில் நிரப்பப்பட்டிருந்தது. கதவு உள்நோக்கித் திறப்பது. தீப்பற்றியதும் உள்ளமுக்கம் ஏறி, எவராலும் அதைத் திறக்க முடியவில்லை. கொதிகலன் ஐயா சொன்ன ‘தேறிவிட்டாய் என்று மூலையில் வைத்த பொருள்’ என்பது இதற்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆகவே ‘வெடித்தது, எனவே பாதுகாப்பில்லை’ என்பதை மறுக்க நான் அவசரப்பட மாட்டேன். ‘வெடிக்கவில்லை, எனவே பாதுகாப்பானது’ என்பதைத்தான் முதலில் வகுப்பில் உடைப்பேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம் சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் போன ஸ்டார்லைனர் கலத்தில் எதுவும் வெடிக்கவில்லை. ஈலியம் கசிந்தது, சில உந்திகள் சரிவர இயங்கவில்லை. அதில் அவர்களை ஏற்றாமல் செப்டெம்பரில் வெறுங்கலமாகத் திருப்பி அனுப்பினார்கள். இருவரும் இவ்வாண்டு மார்ச் மாதம் வேறு கலத்தில் வந்தனர். அந்தச் செய்தியை எங்கள் ஊடகங்கள் ‘சிக்கித் தவிப்பு’ என்று எழுதின. என் பார்வையில் அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த பாதுகாப்பு முடிவு அதுதான். அதற்குக் காணொளி கிடையாது, அவ்வளவே.

மறுமொழி 5: பழைய கொதிகலன்
2025 ஜூலை 9, காலை 6.05

கிழக்குக்கரைத் தம்பிக்கு ஒரு வரி. ஏழாம், எட்டாம் பறப்புகளைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஒரே இடத்தில் இரண்டு தரம் ஒழுகினால், காரணம் வேறு என்று எழுதித் தந்தாலும் நான் அந்த ஒட்டு முழுவதையும் வெட்டித் திரும்பப் போடச் சொல்வேன். கீழே நிற்பவனைப் பற்றி நான் எழுதாமல் விட்டதும் என் பிழைதான். சோதிக்கும்போது ஆலைப் பெடியன்களை வெளியே போகச் சொல்வது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டபடியால், அதை ஒரு விடயமாகவே நினைக்கவில்லை.

கரவெட்டி ஆசிரியை
2025 ஜூலை 13, மாலை 7.10

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்பில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கினேன். வெடிப்புக் காணொளியை நான் போடவில்லை, அதை அவர்கள் ஏற்கெனவே பலமுறை பார்த்துவிட்டார்கள். பதிலாக, 2023 ஒக்டோபர் 21ஆம் திகதி ஸ்ரீஹரிக்கோட்டாவில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்தின் தப்பிப்பு அமைப்பைச் சோதித்த பதிவைப் போட்டுக் காட்டினேன். ஏவுவதற்கு 5 செக்கன்கள் இருக்கும்போது கணினி தானாகவே நிறுத்திவிட்டது. வகுப்பில் எல்லோரும் ‘பிழைச்சுப் போச்சு’ என்று சிரித்தார்கள். பிழையைக் கண்டறிந்து, அன்று காலை பத்து மணிக்கே ஏவி, கலம் ரொக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ப் பரசூட்டுகளோடு கடலில் இறங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. நின்ற அந்த ஐந்து செக்கன்களைத் தோல்வி என்பதா வெற்றி என்பதா என்று கேட்டதற்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வல்வெட்டித்துறையிலிருந்து வரும் ஒரு மாணவன், பொங்கலுக்கு ஏற்றும் பெரிய பட்டம் வெள்ளோட்டத்தில் தலைகீழாகக் குத்தினால் முச்சையை, அதாவது பட்டத்தில் கட்டும் நூல்களை, மாற்றிக் கட்டுவோம், ஆனால் குத்திய பட்டத்தைப் பார்த்த சனம் போட்டி நாளிலும் கொஞ்சம் தள்ளியே நிற்கும், அதுவும் நல்லதுதானே என்றான். அவனுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

வகுப்பு முடிய, அந்தத் தாயாரையும் கண்டேன். கொதிகலன் ஐயாவின் தண்ணீர்ச் சோதனையை அவருக்குச் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். 2021இல் அவருடைய குசினியிலும் சவர்க்கார நுரைதான். ஜூன் 18இல் உடைந்தது ஏற்கெனவே தேறியதாக நம்பப்பட்ட ஒரு போத்தல், எனவே உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றும் சொன்னேன். அதை ஓர் ஆசிரியை ஒப்புக்கொள்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லைப் போலும். கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“அண்டைக்கு இரவு அங்க வேலை செய்த பிள்ளையள் எங்க நிண்டவை?” என்று கேட்டார்.

பரீட்சைத் தளத்தைச் சுற்றி எவரும் நிற்காதபடி முன்பே ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஊழியர் எவருக்கும் காயமில்லை என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, கைபேசியை எடுத்து அந்தக் காணொளியை மறுபடியும் ஓடவிட்டார். இந்த முறை தீப்பந்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரங்களை விரலால் பெரிதாக்கி, ஆட்கள் எவராவது தெரிகிறார்களா என்று தேடினார். பிறகு கைபேசியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மகன் சென்ற தவணைப் பரீட்சையில் பௌதிகவியலுக்கு எடுத்த புள்ளியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். அது 47.